பாதியில் நின்ற சத்தம்

அந்த அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிட்டேன். ஆரணியில் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோன அன்று அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலிலிருந்து “பாம்பு, பாம்பு” என்று ஒரு சத்தம் வந்தது. நான் இரண்டு பையன்களையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. கம்போடு ஓடிய என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பாம்பு இல்லை, பவர்லூமிலிருந்து அறுந்து விழுந்த பெல்ட் என்றார்.

அவர் பின்னாலேயே அந்த அக்காவும் வந்தார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கல், நெற்றியில் பாதி அழிந்த குங்குமம். செய்த காரியத்துக்கு ஒரு வெட்கம் வேண்டுமே, அது மட்டும் இல்லை. பாம்பாகவே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று என்னையே திருப்பிக் கேட்டார். வழிந்து கிடந்த பாலைப் பார்த்து, நன்றாகப் பொங்கியிருக்கிறது, இந்த வீடு உனக்கு ராசியாக இருக்கும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். எனக்கு அன்றே தலை சுற்றியது.

அந்தக் குரலுக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்கள் வீட்டு முன்கூடத்தில் நான்கு பவர்லூம்கள் ஓடின. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தடதடப்புக்கு நடுவே புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை அப்படி விளைந்துவிட்டது. போதாததற்கு மூன்று ஆண் பிள்ளைகளை வேறு வளர்த்து ஆளாக்கியிருந்தார். நானோ தேசூர்க்காரி. எங்கள் அப்பா வீட்டில் தீப்பிடித்தால்கூட “கொஞ்சம் தண்ணி எடுத்துகினு வா” என்று அக்கம்பக்கம் கேட்காமல்தான் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு இப்படி ஒரு அண்டைவீடு.

அவர் எதற்குத்தான் கத்தவில்லை? பெரியவன் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினால் கத்துவார். சின்னவன் மண்ணை வாயில் போட்டால் கத்துவார். மாடு தெருமுனையில் திரும்பினால், கேஸ் வண்டி பின்னால் வந்தால், பட்டம் கரண்டு கம்பியில் மாட்டினால், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சத்தம்தான். சின்ன ஆபத்துக்குச் சின்னதாக, பெரிய ஆபத்துக்குப் பெரிதாக என்கிற கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது. ஏன் அக்கா இப்படி என்று கேட்டால், “கத்தறதுக்கு இன்னா காசா பணமா?” என்பார்.

எங்களுக்குச் சாயத் தொழில். எங்கள் வீடும் அவர்கள் வீடும் முன்பாதியில் ஒட்டியிருக்கும், பின்பாதியில் நடுவே இருந்த சந்தில் அடுப்பு வைத்து, பெரிய அண்டாவில் சாயத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பட்டு நூலை முக்கி எடுப்போம். நூலைச் சிட்டம் சிட்டமாக, அதாவது வளையம் வளையமாகச் சுற்றிக் கட்டியிருக்கும். சாயம் ஏறிய சிட்டங்களை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே மூங்கிலில் கோத்து நிழலில் காயவிடுவோம். எங்கள் வீட்டில் யார் கையைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். துணி துவைக்கிற சோப்புகூட வாரத்துக்கு ஒரு நிறத்தில்தான் இருக்கும்.

ஒருநாள் பெரியவன் அரக்குச் சாயம் காய்ந்திருந்த குச்சி ஒன்றை ஐஸ் குச்சி மாதிரி சப்பிவிட்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது முடியவில்லை. வாயெல்லாம் சிவந்து, எச்சில் வழிந்து, சட்டையெல்லாம் ஒழுக, தெருவுக்கு வந்து நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். அக்கா பார்த்துவிட்டார். “ரத்தம்” என்று கிளம்பியது ஒரு சத்தம். நான் வெளியே வருவதற்குள் பையன் ஆட்டோவில் அவர் மடியில் இருந்தான். ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன், காலில் செருப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பஞ்சால் ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு, இது கலர் என்றார். டாக்டரும் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. “ஏன் சார், ரத்தம்னாதான் பாப்பீங்களா? சாயம் துன்னா நல்லதா?” என்று அவரைப் பார்த்துக் கேட்டார். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, டார்ச்சை எடுத்து, பையன் வாயைத் திறந்து முழுதாகப் பார்த்தார். என்ன சாயம், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று விசாரித்து, சாயங்காலம்வரை அங்கேயே உட்காரவைத்துத்தான் அனுப்பினார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு தடவை அவனே மாடிப்படிக் கம்பிகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டான். உள்ளே போன தலை வெளியே வரவில்லை. அக்கா போட்ட சத்தத்தில் தெருவே எங்கள் படிக்கட்டில் ஏறி நின்றது. ஒருவர் வெல்டிங் கடைக்குப் போன் போட்டார். ஒருவர் கம்பியை வளைக்கப் பார்த்தார். அக்கா எல்லோரையும் இடித்துத் தள்ளிவிட்டு, தேங்காய் எண்ணெயைக் காதிலிருந்து கழுத்துவரை கவிழ்த்து, “மொதல்ல காத மடிங்கடா” என்று தலையைச் சாய்த்து உருவி எடுத்தார். தெரு கைதட்டியது. அந்தக் கைதட்டலில் என் பிள்ளைக்கு உற்சாகம் பிறந்து, பார்க்காமல் விட்டவர்களுக்காக மறுபடியும் தலையை உள்ளே விட்டான். அன்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இப்படியே போனால் பிள்ளைகள் பயந்தாங்கொள்ளிகளாக ஆகிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு கவலை. ஒருநாள் காபி கொடுத்து உட்காரவைத்து, அக்கா, கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று பக்குவமாகக் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. ஆமாம்மா, எங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார், இனிமேல் வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மத்தியானம்வரை தாங்கியது. சின்னவன் எங்கள் வாசலில் முக்காலிமேல் ஏறினான், அவ்வளவுதான்.

போகப் போகத் தெருவுக்கும் பழகிவிட்டது. முதலில் ஓடிவந்தவர்கள் பிறகு எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அதுவும் இல்லை. அந்தம்மாவா, சரி என்று தறியை விட்டு எழுந்திருக்காமலேயே இருந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆனேன். அவர் கத்தினால் என் கை காய் நறுக்குவதை நிறுத்தாது. மழை வருகிறது என்று காதில் விழுந்தால் எப்படியோ அப்படி.

இப்போது அவர் இங்கே இல்லை. நடு மகனுக்குச் செய்யாறு பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்து, தறிகளை விற்றுவிட்டு அவனோடு போய்விட்டார்கள். என் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள். பெரியவனுக்கு மீசைகூட அரும்புகிறது. ஆனால் அந்த ஒரு காலைப்பொழுதை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கால் கூசுகிறது.

அன்று பள்ளிக்கூடம் லீவு. முகூர்த்த மாதம் என்பதால் வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் போட்ட மாம்பழ மஞ்சள் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே சந்தில் அரக்கு கொதித்துக்கொண்டிருந்தது. பையன்கள் மாடியில் கண்ணாமூச்சி ஆடினார்கள். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. பெரியவன் சுவரில் முகத்தைப் புதைத்துச் சத்தமாக எண்ணுவது கீழே சமையலறைவரை கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எண்ணுகிறான் என்றால் இரண்டு பேரும் சண்டை போடவில்லை என்று அர்த்தம்.

காற்றடித்தால் மாடியிலிருந்து ஒன்றிரண்டு சிட்டம் நழுவி, மேல் ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடில் விழுவது வழக்கம். கீழே அடுப்புப் பக்கத்திலேயே கொக்கி வைத்த நீளக் கம்பு இருக்கும். அதை நீட்டி இழுப்போம், சிட்டம் கைக்கு வந்துவிடும். அன்றும் சன்ஷேடில் மஞ்சளாக ஒரு குவியல் கிடந்தது. முதலில் பார்த்தவர் அக்காதான். அவர்கள் வீட்டு மாடி ஜன்னல் எங்கள் சந்தைப் பார்த்திருக்கும்.

“தம்பி, சிட்டம் விழுந்துகினு கெடக்குது பாரு, மேல சன்ஷேடுல, தூசியில பொரளுது, ஜல்தியா எடு…” என்று ஆரம்பித்தார். வழக்கமான சத்தம்தான். என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கம்பை எடுத்து நீட்டினார். அந்தச் சத்தம் அங்கே நின்றுவிட்டது.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா ஆரம்பித்த சத்தத்தைப் பாதியில் விட்டு நான் கேட்டதே இல்லை. முழுதாகக் கத்தியிருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன். அது நின்றதுதான் என்னைத் தூக்கி வெளியே போட்டது. கத்தியும் கையுமாகச் சந்துக்கு ஓடினேன்.

அக்கா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் சேர்த்து என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கம்பு மேலே நீண்டு, கொக்கி அந்த மஞ்சள் குவியலைத் தொட ஒரு சாண் இருக்கும்போது அப்படியே நின்றிருந்தது. நானும் அண்ணாந்து பார்த்தேன். குவியலுக்கு அடியில் ஒரு குதிகால் தெரிந்தது.

சின்னவன் அது. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் இடித்து, சாமான் ஏற்ற வழி விட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி வைத்திருந்தோம். அதற்கு அடியில் நுழைந்து சன்ஷேடில் இறங்கி, குப்புறப் படுத்து, கையோடு கொண்டுபோன சிட்டங்களை மேலே போர்த்திக்கொண்டிருக்கிறான். ஒரு முழ அகலமோ ஒன்றரை முழமோ, அவ்வளவுதான் அந்த சன்ஷேடு. அதற்குக் கீழே இருக்கும் ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தோம். அது வழியாகக் கைதான் போகும், ஆள் போக முடியாது. நேர் கீழே கொதிக்கிற அண்டா.

நான் அவன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேலே ஜன்னலில் அக்கா விரலை வாயில் வைத்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் குரல் உள்ளேயே போய்விட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அம்மா கூப்பிட்டால் அவன் எழுந்திருப்பான். அதைவிட மோசம் ஒன்று இருந்தது. சின்னவனுக்கு ஒளிந்திருக்கத் தெரியாது. பெரியவன் எண்ணி முடித்த உடனே, “நான் இங்க இருக்கேன்” என்று தானே துள்ளிக் குதித்து எழுந்து நிற்பதுதான் அவன் விளையாட்டு. மேலே பெரியவன் எண்ணிக்கொண்டிருந்தான். பத்தோ பதினொன்றோ. இருபது வந்தால் முடித்துவிடுவான்.

நான் படிக்கட்டில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. நான் மேலே போவதற்குள் அக்கா அங்கே இருந்தார். முன்பக்கம் இரண்டு மாடிக்கும் நடுவிலிருந்த பொதுச் சுவரை அந்த உடம்போடு எப்படித் தாண்டினார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெரியவன் பக்கத்தில் முட்டி போட்டு, அவன் காதில், அந்தத் தொண்டையா இது என்கிற மாதிரி கிசுகிசுத்தார்.

“நிறுத்தாத ராஜா. எண்ணிகினே இரு. பெரிம்மா சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது, சத்தமா எண்ணு.”

அவனும் எண்ணினான். ட்வென்ட்டி, ட்வென்ட்டி ஒன், ட்வென்ட்டி டூ. என் பிள்ளைக்கு இருபத்தொன்பதுக்கு மேல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பாடமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அக்கா அந்த இடைவெளியில் குப்புறப் படுத்து, மூங்கிலுக்கு அடியில் தலையை விட்டார். நான் அவர் இரண்டு காலையும் கட்டிப் பிடித்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் இடுப்புவரை வெளியே போனார். நான் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் தறி தடதடத்தது, காற்றில் மஞ்சள் சிட்டங்கள் ஆடின, என் பின்னால் பெரியவன் எண்ணினான். ட்வென்ட்டி எய்ட். ட்வென்ட்டி நைன். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ட்வென்ட்டி டென்” என்றான். பிறகு ட்வென்ட்டி லெவன். ட்வென்ட்டி ட்வெல்வ். என் பிள்ளையின் தப்பான கணக்கை அந்த அளவுக்கு நான் எப்போதும் கொண்டாடியதில்லை.

அக்காவின் கால்கள் திடீரென்று இறுகின. அவர் எதையோ பிடித்துவிட்டார். கீழே என் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார். மனுஷன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மஞ்சளாக ஒன்று மேலேயிருந்து அண்டாவை நோக்கி விழுவதைப் பார்த்திருக்கிறார். கம்பை எறிந்துவிட்டுக் கொதிக்கிற அண்டாவின்மேல் அப்படியே சாய்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்து மார்போடு அணைத்திருக்கிறார். அணைத்த பிறகுதான், அதில் கனமே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. வெறும் சிட்டம். அண்டா விளிம்பில் பட்ட கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கனமானது அக்காவின் கையில் இருந்தது. சட்டையின் முதுகில் ஒரு கை, டவுசரின் இடுப்பில் ஒரு கை, அப்படியே பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்தார். நான் இழுத்தேன். மூன்று பேரும் மாடித் தரையில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். சின்னவன் எழுந்து, தலையில் ஒட்டிய ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டு, அழ ஆரம்பித்தான். எங்கேயாவது அடியோ என்று உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். அடியில்லை.

“பெரிம்மா ஆட்டத்துலயே இல்ல” என்றான். “அண்ணன்தானே கண்டுபுடிக்கணும்?”

அக்கா தலையை ஆட்டினார். தான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிற மாதிரி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். பெரியவன் இன்னும் சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தான். அவனை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று கத்தியது நான்தான். தேசூரில் பிறந்து அதிர்ந்து பேசாமல் வளர்ந்தவள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து என்னென்னவோ கத்தினேன். தெரு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். யாரோ அந்த இடைவெளியில் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். யாரோ அடுப்பை அணைத்தார்கள். நடந்ததை ஆளுக்கு ஆள் என்னிடம் கேட்டார்கள். அக்காவிடம் கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

அன்று பகல் முழுக்க அவருக்குக் குரல் இல்லை. தெருவில் மாடு வந்தது, கேஸ் வண்டி வந்தது, பையன்கள் செருப்பில்லாமல் இறங்கினார்கள், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் புருஷன் தறியை நிறுத்திவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வெந்நீர் கொடுத்தார்கள், மிளகு கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து இன்னா ஆச்சும்மா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தெருவுக்கே பேஜாராகிவிட்டது. சாயங்காலம் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டேன். எதையோ சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அழுகைதான் வந்தது. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். என் கூடப்பிறந்தவர்களிடம்கூட எனக்கு அப்படி ஒரு பாசம் வந்ததில்லை.

மறுநாள் காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

“ஐயய்யோ, ஓடியாங்க, ஓடியாங்க…”

தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையோடு ஓடினார். எதிர்வீடு, அதற்கடுத்த வீடு, பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள், தறியில் உட்காரப் போனவர்கள், தெருவே ஓடியது. ஒருவர்கூட, அந்தம்மாவா என்று திரும்பிப் போகவில்லை. அக்கா வாசல் நடுவில், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். இன்னா அக்கா, எங்கே, யாருக்கு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். முகம் மலர்ந்துபோயிருந்தது.

“ஒண்ணும் இல்ல. தொண்ட வருதான்னு பாத்தேன்” என்றார்.